எங்கள் எண்ணிலிருந்து வந்த அழைப்பு

போன மாதம் அந்தமான் மாயாபந்தரிலிருந்து கவிதா பேசினாள். நான் ஓய்வு பெற்றபின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலியில் உட்காருகிறவள் அவள்தான். "அக்கா, இனிமே நம்பர் மட்டும் இல்ல, கூப்பிடுறவங்க பேரும் திரையில வந்துருமாம். இனி யாரும் நம்மள ஏமாத்த முடியாது" என்றாள். பிறகு, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக அந்த லாங் ஐலண்ட் தீவு விஷயத்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். வாயால் சொன்னால் ஆளுக்கொரு விதமாக மாறிவிடுகிறதாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த முதல் நாள் தேதியை மட்டும் எழுதினேன். மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போது மூன்றாவது முறையாக உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது போர்ட் பிளேயரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன்பிடிப் படகில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் தூத்துக்குடித் தமிழ், தெருவில் ஹிந்தி, கோயிலில் இரண்டும். இருபத்தொரு வயதில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். எண் என்று எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியாத காலம் அது. விளக்கு எரியும், வயரைச் செருகுவோம், ஒரு குரல் வரும். வாய் திறந்த இரண்டாவது வார்த்தையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்தது. தேவையில்லாமல் போன எங்களை ஆளுக்கொரு இடத்துக்கு அனுப்பினார்கள். எனக்குப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை. சுனாமி வந்த டிசம்பரில் போர்ட் பிளேயரில் அந்த மேஜையில்தான் இருந்தேன். தெற்குத் தீவுகளின் லைன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அதன்பின் வாரக்கணக்கில் காணாமல் போனவர்களின் பெயர்களை ஃபோனில் கேட்டுக் கேட்டு எழுதினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கடைசிப் பன்னிரண்டு வருடம் மாயாபந்தரில். அங்கே எனக்கு மேலதிகாரி பிஸ்வாஸ் சார். வங்காளிக் குடியேறிகளின் வீட்டுப் பிள்ளை. ஃபோனில் யாரோடு பேசினாலும் எழுந்து நின்றுதான் பேசுவார், எதிர்முனையில் படகுத்துறை ஜெட்டிக் கூலியாள் இருந்தாலும்கூட. குரலை உயர்த்தியதே கிடையாது. நாம் எதையாவது படபடவென்று சொல்லிக்கொண்டு போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "தேகா யா சுனா?" என்பார். பார்த்ததா, கேட்டதா? பார்த்ததைத் தனியாகவும் கேட்டதைத் தனியாகவும் பிரித்துச் சொன்ன பிறகுதான் மேலே பேசவிடுவார். சில நாள் எரிச்சலாக வரும்.

எச்சரிக்கை கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. மேன்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்திய நிலப்பகுதியிலிருந்து, செய்தி எழுத்தில் வரும். சார் அதில் கையெழுத்துப் போட்ட பிறகே நாங்கள் வாயைத் திறக்கலாம். பட்டியலில் இருக்கிற வரிசைப்படி ஒவ்வொரு இடமாகக் கூப்பிட வேண்டும். முதலில் என் பெயர், பிறகு செய்தி. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், கேட்டவர் பெயர், எந்த மொழியில் சொன்னோம் என்பதுவரை பதிவேட்டில் எழுத வேண்டும். மொழிக்கு எதற்கு ஒரு கட்டம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "பயந்துபோனவனுக்கு அவன் வீட்டு மொழி மட்டும்தான் காதில் ஏறும், ரொசாலி" என்றார். பயிற்சி நாட்களிலும் இதே முறைதான். ஆரம்பத்திலும் முடிவிலும் "இது பயிற்சி மட்டும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவே வித்தியாசம்.

எங்கள் பட்டியலில் லாங் ஐலண்ட் கரையோர வீடுகளுக்கான தன்னார்வலர் சகாயமேரி. ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை லைன் வேலை செய்கிறதா என்று சோதிக்கக் கூப்பிடுவேன். "கேக்குதுக்கா, நல்லா கேக்குது" என்பாள். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் ஊர்க்கதை. அப்படியே ஏழெட்டு வருடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. கணவர் பெயர் இருதயம், படகு இன்ஜின் மெக்கானிக். சுனாமியின்போது தெற்குத் தீவில் இருக்கிற ஹட்பேயில் இருந்தார்கள். ஒரே பெண் பிள்ளையைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன்பின் லாங் ஐலண்டுக்கு வந்தும் கரையிலேயே வீடு கட்டிக்கொண்டாள். மேட்டில் மனை இருந்தும் போகவில்லை. "கடலு கண்ணுல தெரியாத எடத்துல எனக்குத் தூக்கம் வராதுக்கா. அது என்ன செய்யுதுன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று ஒருமுறை சொன்னாள். அவள் தம்பி ஜெரால்டு ஜெட்டியில் வேலை பார்த்தான். அவனும் எங்கள் தன்னார்வலர்தான். பிப்ரவரியில் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும், நல்ல மழை. மேரியின் எண் திரையில் தெரிந்தது. எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"எக்கா, நாங்க எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டோம். தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தத் தண்ணி, மேரி?"

"என்னக்கா இப்படிக் கேக்குதிய? இப்பதான நீங்க போன் பண்ணி ஓடுங்க ஓடுங்கன்னு சொன்னிய?"

"நானா?"

"நீங்கதான். உங்க ஆபீஸ் நம்பரு. உங்க கொரலு."

அவளுக்குப் பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி எச்சரிக்கைச் செய்தி வருகிற கணினியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதிவேட்டைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் எழுதியது இரண்டே வரி, இரண்டும் வானிலை. ஆனாலும் ஒரு நொடி எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பேசிவிட்டு மறந்துபோனேனா? வயதாகி மூளை கலங்கிவிட்டதா? அந்த ஒரு நொடியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"மேரி, எச்சரிக்கை எதுவும் இல்ல. எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போ" என்றேன்.

பிஸ்வாஸ் சாரிடம் சொன்னேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். கேட்டது என்றேன். விசாரணை முடியும்வரை ஃபோனைத் தொட வேண்டாம் என்றார். இரண்டு நாள் மூலையில் உட்கார்ந்து பழைய கோப்புகளை அடுக்கினேன். தொலைபேசித் துறை இன்ஜினியர் வந்து பதிவுகளைப் பார்த்தார். எங்கள் அறையிலிருந்து லாங் ஐலண்டுக்கு அன்று ஒரு அழைப்பும் போகவில்லை.

"இன்டர்நெட் வழியா ஏதோ ஆப் வெச்சுப் பண்ணியிருக்காங்க மேடம்" என்றார் அவர். "திரையில தெரியுற நம்பர்ங்கறது கவர் மேல எழுதுற அனுப்புநர் முகவரி மாதிரி. அதுல யாரு வேணா என்ன வேணா எழுதலாம். தபால்காரர் போய் சரிபார்க்கவா போறாரு?"

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஃபோனோடு வாழ்ந்தவள் நான். திரையில் வருவது அரசாங்க முத்திரை மாதிரி என்று நம்பியிருந்தேன்.

சார் ஒரு ஏற்பாடு செய்தார். எங்கள் எண்ணிலிருந்து எச்சரிக்கை வந்தால் வைத்துவிட்டு எங்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், நாங்கள் உறுதி செய்த பிறகே ஓட வேண்டும் என்று எல்லா ஊருக்கும் சொன்னோம். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் மறுபடி வந்தது. இந்த முறையும் கரையோரத்து நான்கு வீடுகளுக்கு மட்டும். நான்கு வீட்டுக்காரர்களும் சொல்லிவைத்தபடி எங்களைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் லைன் எங்கே கிடைக்கும்? மழையில் சிக்னலும் போய் வந்துகொண்டிருந்தது. மேரி மூன்று முறை முயன்றாளாம். நான்காவது முறை முயலுவதற்குள் அலை வந்துவிட்டால்? ஹட்பேயில் அவளுக்குக் கிடைத்த நேரம் அவளுக்குத்தான் தெரியும். ஓடினாள். பாக்குத் தோப்புச் சரிவில் சேறு. இருதயம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைப் படகில் ரங்கத் ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் போர்ட் பிளேயருக்கு அனுப்பினார்கள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் அறை ஃபோன் அடித்தது. எடுக்கப்போன கவிதா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம நம்பரே நம்மளக் கூப்பிடுது."

எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மை. எங்கள் எண்தான் திரையில். அறையில் இருந்த மற்ற ஃபோன்கள் எல்லாம் சும்மா கிடந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. கவிதா சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

சத்தம் கேட்டு பிஸ்வாஸ் சார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "உடாவோ" என்றார் என்னிடம். எடு.

எடுத்தேன். "கட்டுப்பாட்டு அறை, ரொசாலி."

மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி. அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது? எங்கள் அறைக்குள்ளேயே இன்னொரு அறை இருக்கிறது, அதில் இன்னொரு ரொசாலி உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்த மூச்சுக்குப் பின்னால் தூரத்தில் நீளமாக ஒரு ஊதல் சத்தம். லைன் துண்டிக்கப்பட்டது.

"க்யா சுனா?" என்றார் சார். என்ன கேட்டது?

"மூச்சு. ஆம்பள மூச்சு. அப்புறம் கப்பல் ஊதுற மாதிரி…" சொல்லும்போதே அது கப்பல் இல்லை என்று தெரிந்துவிட்டது. கப்பல் ஊதல் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஊதலை மேன்லேண்ட் போனபோது கேட்டிருக்கிறேன். "சார், அது ரயில்."

அந்தமானில் ரயில் கிடையாது.

மறுநாள் மேரியின் பக்கத்து வீட்டுக்காரர் சேகர் பேசினார். அவருடைய செல்ஃபோன், வருகிற அழைப்புகளைத் தானாகவே பதிவு செய்கிற ஃபோனாம். இரண்டாம் அழைப்பு அதில் இருந்தது. அதைக் கவிதாவின் ஃபோனுக்கு அனுப்பிவைத்தார். சார், கவிதா, நான் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம்.

"நான் கட்டுப்பாட்டு அறையிலேருந்து ரொசாலி பேசுதேன். எல்லாரும் உடனே மேட்டுக்கு ஏறுங்க. எதையும் எடுக்க நிக்காதிய. பிள்ளைகளக் கையில பிடிச்சுக்கிடுங்க."

என் குரல். என்னைப் போல யாரோ பேசியது அல்ல, நானேதான். 'பிடிச்சுக்கிடுங்க' என்பதில் நான் கொடுக்கிற அழுத்தம்கூட அப்படியே இருந்தது. சேகர் நடுவில், "எக்கா, எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கத்துகிறார். என் குரல் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் பேசுவதே காதில் விழாதவள் போல முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. எல்லாரும் உடனே மேட்டுக்கு ஏறுங்க. சேகரின் மனைவி பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அலறுகிறாள். என் குரல் நிதானமாக, எழுத்துப் பிசகாமல், எதையும் எடுக்க நிக்காதிய என்கிறது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

சார் அதை நிறுத்தவில்லை. நான்கு முறை போட்டுக் கேட்டார். "உன் குரலை விட்டுவிடு. பின்னால் என்ன கேட்கிறது, அதைச் சொல்" என்றார்.

ஐந்தாவது முறை கேட்டபோதுதான் பிடிபட்டது. மெல்லிய கொட்டுச் சத்தம். டம் டம் டடடம். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்கு முன்னால் பிள்ளைகள் பேண்டு வாசித்துப் பழகுவார்கள். ஜனவரிப் பயிற்சி நாளில் நான் பேசிய பேச்சு இது. அன்று யாரோ பதிவு செய்து, முன்னாலும் பின்னாலும் இருந்த "இது பயிற்சி மட்டும்" என்பதை வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

சார் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அன்று காலை பேண்டுச் சத்தத்தில் பேச முடியாமல் ஜன்னலைச் சாத்தும்படி நான் பியூனிடம் கத்தியது எனக்கு நினைவிருந்தது. சாத்தியபின் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்த நேரத்துக்குள் மூன்று அழைப்புகள் பதிவாகியிருந்தன. மொழிக் கட்டத்தில் விரலை ஓட்டினேன். ஹிந்தி. ஹிந்தி. மூன்றாவது மட்டும் தமிழ்.

கேட்டவர் பெயர்: ஜெரால்டு. என் கையெழுத்துதான்.

நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. சார் குனிந்து படித்தார். பேனாவை மூடி வைத்தார். "இவன் அந்தப் பெண்ணுக்கு யார்?"

"தம்பி, சார்."

காவல்துறைக்குப் புகார் அன்றே எழுத்தில் போனது. சென்னையில் ஆளைக் கண்டுபிடிக்கும்வரை மேரியிடம் மூச்சு விடக்கூடாது என்றார்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை லைன் சோதனைக்குக் கூப்பிட்டேன். "கேக்குதுக்கா" என்றாள். அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது. இருதயத்துக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம், இன்னும் மூன்று மாதத்துக்குக் கால் ஊன்றக் கூடாதாம். பிறகு சொன்னாள், "ஜெரால்டு தெனமும் போன் பண்ணி அத்தான விசாரிக்கான்க்கா. போன்லயே அழுதான். அவன் இல்லன்னா நான் என்ன ஆவேன்?"

நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் கடைசியில், ஒரு முற்பகல், நிலம் ஆடியது.

இங்கே நிலம் ஆடுவது புதிதல்ல. ஆனால் இது நிற்கவில்லை. அலமாரிக் கண்ணாடிகள் நொறுங்கின. வெளியே ஓடினோம், நின்றதும் உள்ளே ஓடி வந்தோம். சில நிமிடத்தில் மேன்லேண்டிலிருந்து செய்தி வந்துவிட்டது. இந்த முறை எழுத்தில், திரையில், என் கண் முன்னால். சார் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "ஜாவோ, ரொசாலி" என்றார். போ.

ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டேன். லாங் ஐலண்ட் வந்தது. மேரி எடுத்தாள்.

"மேரி, நான் கட்டுப்பாட்டு அறையிலேருந்து ரொசாலி பேசுதேன். எல்லாரும் உடனே—"

"நீ ரொசாலி இல்ல."

"மேரி, நெலம் ஆடினது ஒனக்குத் தெரியலையா?"

"ஆடிச்சு. அத வச்சு இன்னொரு தடவ விளையாடுதியா? அந்த மனுசனத் தூக்கிக்கிட்டு நான் எப்படி ஏறுவேன்? அசைச்சா எலும்பு விட்டுரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அழுகையும் கோபமுமாக இருந்தது. "வையி போன!"

"வைக்காத! மேரி, என்கிட்ட ஏதாவது கேளு. எது வேணாலும் கேளு, நான் பதில் சொல்லுதேன்."

இரைச்சல் மட்டும் கேட்டது. கவிதா அடுத்த எண்ணை எழுதிய தாளை எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். பட்டியலில் இன்னும் பதினோரு இடம் பாக்கி. ஒரு வீட்டுக்காக இவ்வளவு நேரம் நிற்கக் கூடாது என்பது விதி. நான் நின்றேன்.

"எம்புள்ள பேரு என்ன?"

"ஜூலி."

"அன்னைக்கி என்ன போட்டிருந்தா?"

"மஞ்சக் கவுனு. கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. மறுநாளும் அதையேதான் போடுவேன்னு அடம்பிடிச்சான்னு நீதான் என்கிட்ட சொன்ன."

அந்தப் பக்கம் ஃபோன் கீழே விழுந்த சத்தம். தூரத்தில் அவள் கத்துவது கேட்டது. "சேகரு! கதவக் கழட்டு! அவரக் கதவுல வச்சுத் தூக்குவோம்! நெசந்தான், நெசந்தான் இது!"

அவள் செய்தியைத் திருப்பிச் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு ஜெட்டியிலிருந்தும் தண்ணீர் மட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இருதயத்தைக் கதவில் வைத்து ஏற்றிவிட்டதாக மேட்டிலிருந்து சேகர் சொன்னார். எங்கள் அறை ஜன்னலிலிருந்தே கடல் தெரியும். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. எங்கோ ஒரு முழம் ஏறி இறங்கியதாகச் சொன்னார்கள். பிறகு எச்சரிக்கை விலக்கப்பட்டது. அலை வரவில்லை.

விலக்கல் செய்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சென்னை எண் ஒன்று திரையில் தெரிந்தது. எடுத்தேன்.

"ரொசாலி அக்காவா? நான் ஜெரால்டு பேசுதேன், மேரி அக்கா தம்பி. நியூஸ்ல பாத்தேன். வீட்டு லைன் போக மாட்டேங்குது. அக்கா மேல ஏறிட்டாளா? அத்தான ஏத்திட்டாங்களா?"

அவனுக்குப் பின்னால் ரயில் ஊதியது.

"ஏறிட்டாங்க" என்றேன். பேசாமல் வைத்திருக்கலாம், வைத்திருக்கவும் வேண்டும். வாயில் வந்துவிட்டது. "ஜெரால்டு, ரெண்டு தடவ நீ அவள ஏத்தின. இது மூணாவது. இந்தத் தடவ அவ வர மாட்டேன்னு சொல்லிட்டா தெரியுமா?"

மூச்சு. அதே மூச்சு. வாயைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி.

"நான் வாரேன்க்கா" என்றான் கடைசியில்.

போலீஸுக்குத் தகவல் கொடுத்தேன், சாரிடம் திட்டும் வாங்கினேன். அவன் ஓடவில்லை. அடுத்த கப்பலிலேயே வந்து போர்ட் பிளேயர் காவல் நிலையத்தில் தானாகப் போய் நின்றான். மாயாபந்தருக்குக் கொண்டுவந்தார்கள். குரல் என்னுடையது என்பதால் சாட்சி சொல்ல என்னையும் வரச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இந்த மனிதனுக்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது.

எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். ஹட்பேயில் அவனுக்குப் பதினாறு வயது. தண்ணீர் வந்தபோது ஜூலி அவன் தோளில்தான் இருந்தாள். அக்கா அதற்காக ஒருநாளும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மறுபடியும் கரையிலேயே வீடு கட்டினாள். மேட்டுக்குப் போகலாம் என்று பல வருடம் கெஞ்சியிருக்கிறான். சென்னையில் கூட வேலை பார்த்த ஒருவன் எண்ணை மாற்றிக் காட்டுகிற வித்தையை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டு தடவை பயந்தால் தானாக மேலே போய்விடுவாள் என்று நினைத்தானாம். சந்தேகம் வரக் கூடாது என்று பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டான். அத்தான் விழுந்த அன்று, படகில் போனவர்களை ஃபோனில் பிடிக்க முடியாமல், என்ன ஆனது என்று கேட்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறான். ஆப்பில் எண்ணை மாற்ற மறந்துவிட்டான். எங்கள் குரலைக் கேட்டதும் பேச வாய் வரவில்லை.

மேரி வந்திருந்தாள். பக்கத்து அறையில் பிஸ்வாஸ் சாரோடு இருந்ததால் நான் அவளை இன்னும் பார்க்கவில்லை. ஜெரால்டை அங்கே கூட்டிப்போனார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தம்பியிடம் அந்த அழைப்புகளைப் பற்றி மட்டும்தான் கேட்டாள்.

"ரெண்டு தடவையும் நீ அந்தப் பக்கத்துல கேட்டுக்கிட்டு இருந்தியா?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நான் ஜூலி ஜூலின்னு கத்துனேனே. அது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"கேட்டுட்டுமா அடுத்த வாரம் போன் பண்ண?"

அவள் பின்கதவு வழியாக ஜெட்டிக்குப் போய்விட்டாள். வழக்கு இன்னும் நடக்கிறது, அவன் ஜாமீனில் இருக்கிறான். இருதயத்தால் இனிப் படகில் ஏறி வேலை செய்ய முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை ஓட முடியாது என்பதால் மேட்டு மனைக்கே குடிபோனார்கள். தம்பி நினைத்தது நடந்துவிட்டது. அவனோடு அவள் பேசுவதில்லை.

நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் லாங் ஐலண்ட் போனேன். பத்து வருடம் ஃபோனில் பேசியவளை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சேகரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்; ஏதோ சாக்குச் சொல்லி மேரியை ஜெட்டிக்கு அனுப்புவதாகவும், பச்சைச் சேலையில் இருப்பாள் என்றும் சொன்னார். ஜெட்டியில் பச்சைச் சேலையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நரைத்த தலை. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் போய்ச் சிரித்தபடி, "மேரி, நான் ரொசாலி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விருட்டென்று திரும்பிக் கடலைப் பார்த்தாள். உடம்பு முழுக்க ஓடுவதற்குத் தயாராகிவிட்டது. செருப்பை உதறிவிட்டாள். ஒரு கை பக்கத்தில் எதையோ பிடிக்கத் துழாவியது, பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல.

பிறகுதான் நிதானத்துக்கு வந்தாள். "மன்னிச்சுக்கிடுங்கக்கா" என்று அழுதாள். "கொரலக் கேட்டதும் காலு தானா…" நானும் அழுதேன். ஆனால் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இருதயம் ஊன்றுகோலோடு எழுந்து வந்து வரவேற்றார். சூரை மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டியும் கையைக் காட்டியும் சமாளித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவே பயமாக இருந்தது. என் தட்டில் இரண்டாவது துண்டைப் போட்டவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பேசுங்கக்கா" என்றாள். "எதாவது பேசிக்கிட்டே இருங்க. நான் பழகிக்கிடுதேன்."